'சோம்பேறி, எழுதவே மாட்றான்'னு திட்டுறீங்களா? ஆக்குபேஷனல் தெரபி என்றால் என்ன, எந்தக் குழந்தைக்குத் தேவை? முழு விளக்கம்

காலை 7.40. ஸ்கூல் வேன் வர இன்னும் பத்து நிமிஷம்தான். இரண்டாம் வகுப்புப் படிக்கும் பையன் சட்டை பட்டனோடு போராடிக்கொண்டிருக்கிறான். முதல் பட்டன் இரண்டாவது ஓட்டையில் மாட்டியிருக்கிறது. பொறுமை போன அம்மா தானே போட்டுவிடுகிறார். இட்லியும் ஊட்டியாகிவிட்டது. ஷூவில் லேஸ் கிடையாது, ஒட்டுகிற ஷூதான். பள்ளியில் போர்டில் இருப்பதை அவன் பாதி எழுதுவதற்குள் மிஸ் அழித்துவிடுகிறார். டைரியில் சிவப்பு மையில் 'இன்கம்ப்ளீட்'.

இவனுக்குப் பேச்சு நன்றாக வருகிறது. கதை சொன்னால் அப்படியே திருப்பிச் சொல்வான். பார்வையில் குறை இல்லை, காதும் கேட்கிறது. அதனால் வீட்டிலும் பள்ளியிலும் அவனுக்குக் கிடைக்கும் பட்டம் ஒன்றுதான்: சோம்பேறி.

இப்படி ஒரு பிள்ளை உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ இருக்கலாம். கை, கண், மூளை மூன்றும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலைகள் சில குழந்தைகளுக்கு இயல்பாகப் பழகுவதில்லை. இந்த ஒருங்கிணைப்புக் குறைபாட்டுக்கு டெவலப்மென்டல் கோஆர்டினேஷன் டிஸ்ஆர்டர் என்று மருத்துவத்தில் பெயரே உண்டு. 5 முதல் 11 வயதுக்குள் இருக்கும் குழந்தைகளில் 100-க்கு 5 அல்லது 6 பேருக்கு இது இருப்பதாகக் கணக்கு. அதாவது 40 பேர் படிக்கும் ஒரு வகுப்பறையில் இரண்டு பேர். இவர்களைப் போன்றவர்களுக்கும், மூளை முடக்குவாதம், ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கும் உதவுகிற சிகிச்சைதான் ஆக்குபேஷனல் தெரபி. சுருக்கமாக ஓ.டி.

ஏழு வயசுப் பிள்ளைக்கு என்ன 'தொழில்'?

பெயரே குழப்பம்தான். தமிழில் 'தொழில்முறை சிகிச்சை' என்றும் 'செயல்முறை சிகிச்சை' என்றும் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். முதல் பெயரைக் கேட்கிற பெற்றோர் வேலைவாய்ப்புப் பயிற்சி என்று நினைத்துக்கொண்டால் அதில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை.

ஆனால் பள்ளியில் படித்த இலக்கணத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். உண்ணுதல், உடுத்துதல், எழுதுதல், ஆடுதல். இவற்றைத் தொழிற்பெயர் என்று படித்திருப்பீர்கள். அங்கே தொழில் என்றால் செயல். இந்தச் சிகிச்சையில் வருகிற 'தொழிலும்' அதேதான். ஒரு குழந்தையின் நாள் முழுக்க நிறைந்திருக்கும் தொழிற்பெயர்களை அந்தக் குழந்தையே செய்ய வைப்பதுதான் இதன் வேலை.

பிசியோதெரபிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் பல இடங்களில் ஒன்றோடொன்று கலக்கும். பொதுவாக, தசை பலம், மூட்டு அசைவு, நடை ஆகியவற்றில் பிசியோதெரபி கவனம் செலுத்தும். நடந்து குழாயடிக்குப் போன பிள்ளை அங்கே பல் தேய்த்து, முகம் கழுவி, துடைத்துக்கொள்வது வரை பார்ப்பது ஓ.டி.

இந்தத் துறைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1917-ல் அமெரிக்காவில் இதற்கான முதல் சங்கம் தொடங்கப்பட்டது. இந்தியாவில் 1950-ல் மும்பை கே.இ.எம் மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து இங்கேயே வாழ்ந்தவர். 1952-ல் உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதைத் தொடங்கிய 10 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. இவ்வளவு பழைய துறை என்றாலும், மாவட்டத் தலைநகரைத் தாண்டினால் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் இன்றும் குறைவு.

'பாப்பா லெஃப்ட் ஹேண்டர்' - இந்த ஒன்றை மட்டும் கவனியுங்கள்

பத்து மாதக் குழந்தை. எந்தப் பொம்மையைக் கொடுத்தாலும் இடது கையால் மட்டுமே வாங்குகிறது. வலப்பக்கம் நீட்டினாலும் இடது கையைச் சுற்றிக் கொண்டுவந்து எடுக்கிறது. 'தாத்தா மாதிரி இடதுகைப் பழக்கம்' என்று வீட்டில் சிரிப்பார்கள். இல்லாவிட்டால் பாட்டி அந்தக் கையைப் பிடித்து 'சோத்துக் கையால வாங்கு' என்று பழக்கப் பார்ப்பார்.

இரண்டுமே சரியில்லை. முதல் வயதில் குழந்தைகள் பொதுவாக இரண்டு கைகளையும் மாற்றி மாற்றித்தான் பயன்படுத்தும். எந்தக் கைப் பழக்கம் என்பது அதற்கு வெகு நாள் கழித்துத்தான் உறுதியாகும். ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் தெளிவாகப் பயன்படுத்துகிறது, இன்னொரு கை மூடியபடியே இருக்கிறது என்றால், அந்த இன்னொரு கை பலவீனமாக இருக்கலாம் என்று பொருள். உடம்பின் ஒரு பக்கத்தைப் பாதிக்கும் மூளை முடக்குவாதத்தின் முதல் அடையாளம் பல நேரங்களில் இதுதான். 'பெரிசானா சரியாப் போயிடும்' என்று காத்திருக்க வேண்டாம், உடனே குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஏன் அவசரம்? பயன்படுத்தாத கையை மூளை மெல்ல மெல்ல ஒதுக்கிவிடும். சீக்கிரமே கண்டுபிடித்தால் அந்தக் கையைத் திரும்ப வேலைக்குக் கொண்டுவரும் பயிற்சிகள் இருக்கின்றன. அதில் ஒன்று, நன்றாக இயங்கும் கைக்குச் சில வாரங்கள், தினமும் குறிப்பிட்ட நேரம் உறை மாட்டிவிட்டு, பலவீனமான கையாலேயே விளையாட வைப்பது. இன்னொன்று, இரண்டு கையும் சேர்ந்தால்தான் முடியும் என்கிற வேலைகளைக் கொடுப்பது. டப்பாவின் மூடியைத் திறப்பது, காகிதத்தைப் பிடித்துக்கொண்டு கத்தரிப்பது மாதிரி. இரண்டுக்குமே வலுவான ஆய்வு ஆதாரம் இருக்கிறது. ஆனால் இதைப் படித்துவிட்டு வீட்டில் நீங்களாகவே குழந்தையின் கையைக் கட்டிப் போட்டுவிடாதீர்கள். எத்தனை மணி நேரம், எந்த வயதில் என்பதைத் தெரபிஸ்ட்தான் முடிவு செய்ய வேண்டும்.

மற்ற அடையாளங்கள்? ஒரு வயது தாண்டியும் கட்டைவிரல், ஆள்காட்டி விரலால் பொரியை எடுக்க முடியாமல் உள்ளங்கையால் அள்ளுவது. பள்ளி சேர்ந்த பிறகும் கிரேயானை முஷ்டியால் பிடிப்பது. கூட்டம், மிக்ஸி சத்தம், சட்டைக் காலரில் இருக்கும் லேபிள் போன்ற சாதாரண விஷயங்களுக்குத் தாங்க முடியாமல் அலறுவது. ஒரே பிராண்டு பிஸ்கட்டைத் தவிர வேறெதையும் வாயில் வைக்காமல் இருப்பது. இதில் ஒன்று இருந்தாலே நோய் என்று அர்த்தமில்லை. ஆனால் அதனால் சாப்பாடு, தூக்கம், பள்ளி, விளையாட்டு ஏதாவது ஒன்று தினமும் தடைபடுகிறது என்றால் ஒருமுறை பரிசோதித்துவிடுவது நல்லது.

பென்சில் பிடிப்பைப் பற்றி இங்கேயே ஒரு வார்த்தை. மூன்று விரலால் பிடித்தால்தான் சரி என்று பல பள்ளிகள் பிடிவாதம் பிடிக்கின்றன. நான்கு விரலால் பிடிப்பது உட்பட வேறு சில பிடிகளிலும் வேகமோ தெளிவோ குறைவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கை வலிக்கவில்லை, எழுத்து புரிகிறது என்றால் விட்டுவிடலாம்.

முதல் நாள் என்ன நடக்கும்?

ஊசி, மாத்திரை, ஸ்கேன் எதுவும் கிடையாது. தெரபிஸ்ட் குழந்தையை விளையாட விட்டுக் கவனிப்பார். மணி கோர்க்கச் சொல்வார், கட்டை அடுக்கச் சொல்வார், ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வார். பிறகு உங்களிடம் நிறையக் கேள்வி வரும். காலையில் எழுந்ததிலிருந்து தூங்கும் வரை என்னென்ன செய்கிறான், எதில் நீங்கள் உதவுகிறீர்கள், எதில் சண்டை வருகிறது என்று.

அதில் மிக முக்கியமான கேள்வி: 'இவன் எதைத் தானாகச் செய்தால் உங்களுக்கு நிம்மதி?'

இது சம்பிரதாயத்துக்குக் கேட்கிற கேள்வி கிடையாது. கனடாவில் உருவாகி உலகம் முழுக்கப் பயன்படும் சி.ஓ.பி.எம் என்ற மதிப்பீட்டு முறையே இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. குடும்பம் சில செயல்களைத் தேர்ந்தெடுக்கும். ஒவ்வொன்றையும் குழந்தை இப்போது எப்படிச் செய்கிறது, அதில் எவ்வளவு திருப்தி என்று 1 முதல் 10 வரை மதிப்பெண் போடும். சில வாரம், சில மாதம் கழித்து மறுபடி போடும். மதிப்பெண் ஏறவில்லை என்றால் சிகிச்சையை மாற்ற வேண்டும்.

இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே 'மூணு மாசப் பேக்கேஜ் எடுத்துக்கோங்க' என்று ஆரம்பிக்கும் இடம் என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

ஊஞ்சல், பந்துக் குளம், வெயிட் ஜாக்கெட் - இதெல்லாம் தேவையா?

தனியார் தெரபி சென்டர்களின் விளம்பரப் படங்களில் கண்டிப்பாக ஒரு ஊஞ்சல் இருக்கும். கலர் பந்துகள் நிரம்பிய தொட்டி இருக்கும். இவை சென்சரி இன்டக்ரேஷன் என்ற முறையிலிருந்து வந்தவை. தொடுதல், சமநிலை, உடல் அசைவு போன்ற புலன் தகவல்களை மூளை சரியாகத் தொகுக்காததுதான் சில பிள்ளைகளின் சிக்கலுக்குக் காரணம் என்று ஜீன் ஏர்ஸ் என்ற அமெரிக்க ஓ.டி நிபுணர் சொன்னார். அவருடைய முக்கியமான புத்தகம் 1972-ல் வந்தது.

இதற்கு ஆதாரம் எப்படி? கலவையாகத்தான் இருக்கிறது. 2012-ல் அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவர்கள் அகாடமி, இந்த முறைக்கான ஆதாரம் குறைவு என்பதைப் பெற்றோரிடம் சொல்ல வேண்டும் என்று அறிவுறுத்தியது. 2014-ல் 32 ஆட்டிசம் குழந்தைகளை வைத்து நடந்த அமெரிக்க ஆய்வில், இந்தச் சிகிச்சை பெற்றவர்கள் குடும்பம் தேர்ந்தெடுத்த இலக்குகளில் நன்றாக முன்னேறினார்கள். 2022-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு பெரியது, 138 குழந்தைகள். அதில் ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட எரிச்சலும் கிளர்ச்சியும் குறைந்ததாகத் தெரியவில்லை.

அப்போ ஊஞ்சல் வேஸ்ட்டா? அப்படியும் சொல்ல முடியாது. ஊஞ்சலில் ஆடினால் அமைதியாகி, அதன்பிறகு உட்கார்ந்து சாப்பிடுகிற குழந்தை உண்டு. சிக்கல் எங்கே என்றால், மாதக்கணக்கில் ஊஞ்சலும் பந்தும் மட்டும் நடக்கிறது, பட்டன் போடுவது அப்படியே நிற்கிறது என்கிறபோதுதான். எந்தச் செயல் வர வேண்டுமோ அந்தச் செயலையே பழக்க வேண்டும் என்பதில்தான் இப்போதைய ஆய்வுகள் அதிகம் ஒத்துப்போகின்றன. கையெழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011-ல் கனடாவின் ஓ.டி இதழில் வந்த தொகுப்பாய்வு, எழுத்துப் பயிற்சியே இல்லாத சிகிச்சைகளும், 20 முறைக்குக் குறைவாகப் பயிற்சி கொடுத்தவையும் கையெழுத்தை மாற்றவில்லை என்றது. களிமண் பிசைந்தால் விரலுக்குப் பலம் வரலாம். மூன்று சுழி 'ண' வர வேண்டும் என்றால் 'ண'வைத்தான் எழுதிப் பழக வேண்டும்.

மூளை முடக்குவாதக் குழந்தைகளின் பெற்றோர் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆஸ்திரேலிய ஓ.டி ஆய்வாளர் அயோனா நோவக் குழு 2013-ல் இந்தப் பாதிப்புக்கான சிகிச்சைகளை டிராஃபிக் சிக்னல் மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்தது. இலக்கு வைத்துச் செய்யும் பயிற்சி, வீட்டுப் பயிற்சி, மேலே சொன்ன கை உறை முறை ஆகியவை பச்சையில் வந்தன. பெருந்தொகை வாங்கிக்கொண்டு செய்யப்படும் ஹைப்பர்பேரிக் ஆக்சிஜன் சிகிச்சை சிவப்பில் வந்தது. நகையை அடகு வைப்பதற்கு முன்னால் இந்த நிறங்களைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

பெரும்பாலான சிகிச்சை வீட்டில்தான்

வாரம் இரண்டு நாள், தலா 45 நிமிஷம் சென்டருக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் ஒன்றரை மணி நேரம். குழந்தை விழித்திருக்கும் மீதி நேரம் முழுக்க உங்களிடம்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் நீங்களே ஊட்டி, நீங்களே உடுத்திவிட்டால், சென்டரில் கற்றது அங்கேயே நின்றுவிடும்.

அதே நோவக் குழு 2009-ல் ஒரு ஆய்வை வெளியிட்டது. மூளை முடக்குவாதம் உள்ள 36 பள்ளி வயதுக் குழந்தைகள், 12 பேராக மூன்று குழு. ஒரு குழுவுக்கு 8 வாரம் வீட்டுப் பயிற்சித் திட்டம், இன்னொன்றுக்கு 4 வாரம், மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. 8 வாரம் செய்தவர்களிடம் அன்றாடச் செயல்களில் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. பெற்றோர் எவ்வளவு நேரம் செலவழித்தார்கள் தெரியுமா? மாதத்தில் சராசரியாக 17, 18 முறை, ஒவ்வொரு முறையும் 16, 17 நிமிஷம். ஒரு சீரியல் எபிசோடைவிடக் குறைவு. ஆனால் பெற்றோரை அப்படியே விட்டுவிடவில்லை. இலக்கைக் குடும்பம் தேர்ந்தெடுத்தது, எப்படிச் செய்வது என்று தெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தார், நடுநடுவே விசாரித்தார்.

சட்டை போடுவதை எப்படிப் பழக்குவது என்று பாருங்கள். டி-ஷர்ட்டைத் தலையில் மாட்டி, இரண்டு கையையும் நுழைத்து, வயிறு வரை நீங்களே இறக்கிவிடுங்கள். கடைசி இழுப்பை மட்டும் குழந்தை செய்யட்டும். 'நானே போட்டேன்' என்ற சந்தோஷம் அவனுக்கு. அது பழகியதும் அதற்கு முந்தைய படியையும் அவனிடம் விடுங்கள். இப்படிக் கடைசியிலிருந்து முன்னோக்கி வருவது ஓ.டியில் அடிக்கடி பயன்படுகிற உத்தி. பட்டன் என்றால் கீழ் பட்டனிலிருந்து தொடங்க வேண்டும், கழுத்துப் பட்டன் கண்ணுக்கே தெரியாது.

சாப்பாட்டில் சாதம் கடினம், ஐந்து விரலும் சேர்ந்து அள்ள வேண்டும். முதலில் இட்லித் துண்டு, தோசை, சப்பாத்தி. பிறகு கெட்டியாகப் பிசைந்த பருப்பு சாதம். ரசம் சாதம் கடைசியில் வரட்டும். தரையில் சிந்தத்தான் செய்யும், கீழே பழைய பேப்பரைப் போட்டுவிடுங்கள்.

விரல் பலத்துக்கு விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை. பட்டாணி உரிப்பது, மாவு பிசைவது, ஈரக் கைக்குட்டையைப் பிழிவது, கொடியில் கிளிப் மாட்டுவது, பல்லாங்குழி ஆடுவது எல்லாமே பயிற்சிதான். மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையிடம் சோழி, புளியங்கொட்டையைத் தனியாகக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், தொண்டையில் சிக்கிக்கொள்ளும். எழுதும்போது தரையில் குப்புறக் குனிவதைவிட, பழைய கணக்குப்பிள்ளை மேசை போல சரிவான பலகை மணிக்கட்டுக்கு வசதி. நாற்காலி என்றால் கால் தொங்கக் கூடாது, ஒரு முக்காலியையாவது போட்டு ஊன்றவிடுங்கள்.

காலையில் வேன் வரும் நேரத்தில் இதையெல்லாம் பழக்க முடியாது என்பது உண்மைதான். சாயங்காலம் யூனிஃபார்ம் மாற்றும்போது, ஞாயிற்றுக்கிழமை குளித்த பிறகு என்று அவசரம் இல்லாத நேரமாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை வளர்ந்துவிட்டால்?

பத்துப் பன்னிரண்டு வயதானதும் பல வீடுகளில் தெரபியை நிறுத்திவிடுகிறார்கள். 'இனிமே என்ன மாறப்போகுது' என்ற அலுப்புதான் காரணம். உண்மையில் புதுத் தொழிற்பெயர்கள் அப்போதுதான் வரிசையாக வருகின்றன. தனியாகக் குளிப்பது, ஷேவ் செய்வது, பஸ் நம்பர் பார்த்து ஏறுவது, கடையில் மீதிச் சில்லறை எண்ணி வாங்குவது, கேஸ் அடுப்பைப் பத்திரமாக அணைப்பது.

அறிவுத்திறன் குறைபாடு உள்ள பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் பெரிய கட்டம். வயதுக்கு வந்ததும் பள்ளியை விட்டே நிறுத்துகிற வீடுகள் உண்டு. அதற்கு முன்பே, உள்ளாடையில் நாப்கினை ஒட்டுவது, எடுத்துச் சுருட்டிப் போடுவது, கை கழுவுவது என ஒவ்வொரு படிக்கும் ஒரு படம் வரைந்து பாத்ரூம் சுவரில் ஒட்டி, நாப்கினில் சில சொட்டுச் சிவப்பு மை விட்டுப் பழக்கலாம். பல பெண்கள் இதைத் தானாகவே செய்யக் கற்றுக்கொள்கிறார்கள். வீட்டில் கூச்சம் பார்த்து இதைத் தெரபிஸ்ட்டிடம் கேட்காமல் விட்டுவிட வேண்டாம்.

பொதுத்தேர்வு எழுதுகிறவர்களுக்குச் சலுகைகள் இருக்கின்றன. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் வைத்துக்கொள்வது போன்றவை. இதற்கு மருத்துவச் சான்று தேவை என்பதால் பத்தாம் வகுப்புத் தொடக்கத்திலேயே தலைமை ஆசிரியரிடம் பேசிவிடுங்கள். ஹால் டிக்கெட் வந்த பிறகு ஓடினால் தாமதம்.

எங்கே போவது, யாரை நம்புவது?

அரசு வழியில் முதல் வாசல், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையம். டி.இ.ஐ.சி என்று கேட்டால் சொல்வார்கள். 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் பிறப்பு முதல் 18 வயது வரையிலான குழந்தைகளை அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளியிலும் பரிசோதித்து, வளர்ச்சித் தாமதம் தெரிந்தால் இங்கேதான் அனுப்புகிறார்கள். சிகிச்சை இலவசம். பள்ளி செல்லும் சிறப்புக் குழந்தைகளுக்கு வட்டார வள மையத்தில் பயிற்சி உண்டு, வர முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடும் உண்டு. தமிழக அரசின் உரிமைகள் திட்டத்தில் 'விழுதுகள்' என்ற பெயரில் மையங்கள் திறக்கப்படுகின்றன. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பன்முக மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. வேலூர் சி.எம்.சியின் ஓ.டி துறை பல ஆண்டு அனுபவம் கொண்டது.

தனியாரிடம் போனால் தகுதியைக் கேளுங்கள், கூச்சமே வேண்டாம். பி.ஓ.டி என்பது மருத்துவமனைப் பயிற்சியோடு நான்கு ஆண்டுக்கு மேல் ஆகும் பட்டப்படிப்பு, அதற்கு மேல் எம்.ஓ.டி. சில வாரச் சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தால் அது வேறு. துணை மருத்துவத் துறைகளை ஒழுங்குபடுத்த 2021-ல் வந்த மத்தியச் சட்டத்தில் ஓ.டியும் ஒன்று. அடுத்து, சிகிச்சை நடக்கும்போது உள்ளே இருந்து பார்க்க அனுமதி உண்டா என்று கேளுங்கள். கதவைச் சாத்திவிட்டு உங்களை வரவேற்பறையிலேயே உட்கார வைத்தால், வீட்டில் எதைத் தொடர்ந்து செய்வது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? மூன்று மாதத்தில் என் பிள்ளை எந்த வேலையைத் தானாகச் செய்வான் என்று நேரடியாகக் கேளுங்கள். 'கான்சன்ட்ரேஷன் கூடும்', 'பிரெய்ன் ஆக்டிவ் ஆகும்' என்று பொதுவாகப் பதில் வந்தால் விடாதீர்கள். 'ஸ்பூனால் பாதி இட்லியைத் தானே சாப்பிடுவான்' என்பதுதான் பதில்.

முதல்முறை போகும்போது பள்ளி நோட்டு இரண்டு, பிரசவ நேர மருத்துவக் குறிப்புகள், இருந்தால் யு.டி.ஐ.டி அட்டை ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். கூடவே குழந்தை சாப்பிடுவதையும் பட்டன் போடுவதையும் எழுதுவதையும் ஒவ்வொரு நிமிஷம் செல்போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புது இடத்தில், புது ஆள் முன்னால் எந்தப் பிள்ளையும் வீட்டில் செய்வது மாதிரி செய்து காட்டாது. வீடியோ எடுக்கும்போது நீங்கள் கை கொடுத்து உதவ வேண்டாம். பட்டன் தப்பான ஓட்டையிலேயே போகட்டும், தெரபிஸ்ட் பார்க்க வேண்டியது அதைத்தான்.